மகளின் கட்டுரை திரும்பி வந்தபோது அம்மாள் என் வாயைக் கட்டினாள்

என் மகள் பொய் எழுதினாள் என்று ஓர் ஆள் எழுதி அனுப்பியிருந்தார். இந்தச் சாட்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அம்மாள் கோயில் வாசலில் என்னோடு சேர்ந்து நிற்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே, வெளிநாட்டில் இருந்தபடி இந்தச் சடங்கு மலரை எடுப்பித்துப் படிக்கிறவர்களே, உங்கள் எல்லாரையும் அவள் குளிர்ந்த கண்ணால் பார்க்கட்டும். நான் சாமித்தம்பி. படுவான்கரையில் என்னைத் தெரியாத ஆள் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினாறு வயதில் பாதையில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்து வருடம் வெயிலிலும் மழையிலும் அதிலேயே கிடந்தேன். பிறகு தோணிக்குப் பூட்டுகிற இஞ்சின் திருத்தப் பழகினேன். எனக்கு யாரும் பழக்கவில்லை. பழுதான ஒன்றைக் கழற்றி, பூட்டி, திரும்பக் கழற்றி நானாகவே பழகினேன். இன்றைக்கு இந்த நீரில் ஓடுகிற இஞ்சின்களில் என் கை படாதது எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். கரையில் நின்று சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்லுவேன். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

ஆனால் என் பெரிய பெருமை இஞ்சின் இல்லை, மகள். சுகந்தினிக்குப் பத்து வயதாக இருக்கும்போது தாய் இறந்து போனாள். அதன் பிறகு தலை வாரிப் பின்னிவிட்டது முதல் பல்கலைக்கழகத்துக்குப் பெட்டி தூக்கிப் போனது வரை எல்லாம் நான்தான். அவள் விரிவுரையாளராக நியமனம் பெற்ற அன்று கடைத்தெருவில் நின்ற எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். தெரியாத ஆட்களையும் மறித்து வைத்துக் கொடுத்தேன்.

அந்த நியமனத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று வருடத்துக்குள் பெரிய ஆய்விதழ் ஒன்றில் அவளுடைய கட்டுரை வரவேண்டும். வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் வீட்டுக்கு வரவேண்டியதுதான். போன வருடம் சித்திரை முடிந்தபோது மூன்றாவது வருடம் தொடங்கிவிட்டது. ஒரு கட்டுரைதான் கையில். அதைத்தான் அவள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள்.

கட்டுரை எதைப் பற்றி என்றால், எங்கள் ஆற்றைக் கடக்கிற சனம் காற்றையும் நீரையும் எப்படிக் கணிக்கிறது என்பதைப் பற்றி. நாற்பது ஐம்பது பேரிடம் போய் இருந்து கதை கேட்டு எழுதினாள். முதல் ஆள் நான். என் அனுபவத்தை வைத்தே தனிக் கட்டுரை எழுதலாம் என்று அப்போதே அவளுக்குச் சொன்னேன். எழுதியது இங்கிலிஷில். சனத்தின் முக்கியமான சொற்களை மட்டும் தமிழாகவே விட்டிருந்தாள். அதை வைத்து ஒரு நாள் என்னிடம் வந்தாள்.

“அப்பா, நம்மட ஆக்கள் சொல்லுற சொல்லுகளுக்கு அடியில ஒரு விளக்கம் போடட்டா? வாசிக்கிற ஆக்கள் வெளியாக்கள்.”

“என்ன விளக்கம்? தமிழ் தெரிஞ்சவனுக்குத் தமிழுக்கு விளக்கமா? சும்மா கிட புள்ள. சனம் சொன்ன சொல்லை அப்படியே போடு.”

“இல்லப்பா, அவங்க...”

“விளக்கம் போட்டா நம்மட சனத்தை நாமளே குறைச்சுக் காட்டின மாதிரி. நான் சொல்லுறன், போடாத.”

அவள் போடவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்று மறந்துவிட்டேன்.

வைகாசி மாதம், ஒரு புதன்கிழமை. நான் வேலைத்தளத்தில் ஓர் இஞ்சினைப் பிரித்து வைத்திருந்தேன். சுகந்தினி வாசலில் வந்து நின்றாள். வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்ததே இல்லை. முகத்தில் இரத்தம் இல்லை.

“அப்பா, கட்டுரை வேணாமாம்.”

“ஆரு வேணாமாம்?”

“திருப்பி அனுப்பிட்டாங்க.”

கையில் இருந்த திருகு சாவியை நான் கீழே வைக்கவில்லை. அது தானாக விழுந்தது.

இதழாசிரியரின் கடிதத்தை அவள் தமிழில் சொன்னாள். இப்படி வருகிற கட்டுரைகளை இரண்டு நடுவர்கள் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லுவார்களாம். அவர்கள் யார், எந்த ஊர் என்பதை வெளியில் விடமாட்டார்களாம். முதலாவது நடுவர், இந்த ஆய்வாளர் சொன்ன இடத்துக்குப் போகவே இல்லை, சனத்தின் பேச்சைத் தானாக எழுதிக்கொண்டார் என்று சந்தேகப்படுகிறாராம். ஆகவே கட்டுரை நிராகரிக்கப்படுகிறது. மறுப்பு இருந்தால் பதினான்கு நாட்களுக்குள் ஒரு பதில் எழுதலாம். ஒரே ஒரு பதில். அதற்குப் பிறகு கடிதப் போக்குவரத்து இல்லை.

நடுவர்களின் கருத்துகள் தனியாக ஒரு கோப்பில் இணைக்கப்பட்டிருந்தன. அதைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. “திறக்காத. குப்பையக் கிளறி என்னத்துக்கு?” என்று நானும் சொன்னேன்.

யோசித்துப் பாருங்கள். வேலை போவது ஒரு பக்கம். பொய் ஆய்வு செய்தவள் என்ற பெயர் பல்கலைக்கழகத்துக்குள் போனால், அந்தப் பிள்ளை பிறகு எங்கே போய் எந்தக் கதவைத் தட்டும்? முதுகு வெந்து, தோணியிலும் சைக்கிளிலும் அலைந்து, ஒவ்வொரு வீட்டிலும் இருந்து கேட்டு வந்தவளைப் போகவே இல்லை என்கிறார் ஒருவர். அன்று அவள் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

மறுநாள் நான் எழும்பியதே சண்டைக்குத்தான். கணினிக்கு முன்னால் அவளை இருத்தினேன்.

“எழுது. நான் சொல்லுறன். ‘ஐயா, நீங்க எந்த ஆத்தில தோணி ஓட்டின நீங்க?’”

“அப்பா, அப்படி எழுத ஏலாது.”

“ஏன் ஏலாது? ‘குளிர் அறைக்குள்ள இருக்கிற உங்களுக்குக் காத்தைப் பத்தி என்ன தெரியும்? என்ட அப்பா காத்தைத் திண்டு வளந்தவர்.’ எழுது.”

எழுதினாள். அவளுக்கும் உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் சொன்னதை விட இரண்டு மடங்கு சூடாக இங்கிலிஷில் எழுதினாள். வாசித்துச் சொன்னபோது எனக்கு நெஞ்சு ஆறியது போல இருந்தது. கொஞ்சம் சரி பார்த்து, வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி அனுப்பிவிடுவேன் என்றாள். நான் அந்தச் சண்டைக் கடிதத்தை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

திங்கட்கிழமை எங்கள் அம்மாள் கோயிலின் கதவு திறந்தது. வெளியூர் ஆட்களுக்காக ஒரு சொல் சொல்லுகிறேன். எங்கள் கோயில் வருடத்துக்கு ஒரு முறைதான் திறக்கும். கதவு திறந்த நாளிலிருந்து ஏழு நாள் சடங்கு. கடைசியில் குளிர்த்தி. கோபத்தோடு வந்த அம்மாளைக் குளிர வைத்து, ஊரையும் குளிர வைக்கிற சடங்கு அது. உள்ளே பூசை செய்கிற கட்டாடியார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் அம்மாளுக்கு முன்னால் போவார்.

கதவு திறந்ததும் நான் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். நான் கேட்டதை மறைக்காமல் எழுதுகிறேன். “தாயே, என் பிள்ளையைப் பொய்க்காரி என்று சொன்ன வாய் புழுத்துப் போக வேண்டும்” என்று கேட்டேன். வாய்விட்டே கேட்டேன். பூசை முடிந்து வெளியே வந்த கட்டாடியார் துணியை அவிழ்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. என்னை விட நாலு வயது மூப்பு.

“என்ன சாமித்தம்பி, அம்மாளோட சண்டைக்கு வந்தவன் மாதிரி நிக்காய்?”

“ஒரு ஆளுக்குத் தண்டனை கேட்டு நிக்கன் ஐயா.”

“ஆரந்த ஆள்?”

“பேர் தெரியாது.”

“ஊரு?”

“அதுவும் தெரியாது. சொல்லாமத்தான் எழுதுவாங்களாம்.”

“பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. அப்ப அம்மாள் தண்டனைய எந்த விலாசத்துக்கு அனுப்பிற?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார்.

“அந்த ஆள் என்ன எழுதினவர்?”

“பொய் எண்டு எழுதினவர்.”

“ஏன் பொய் எண்டு எழுதினவர்?”

ஐந்து நாளாகக் கத்துகிறேன், அந்தக் கேள்வியை நான் ஒரு தடவையும் கேட்கவில்லை.

“இஞ்ச பார்,” என்றார். “நான் உள்ளுக்குப் போகக்குள்ள வாயக் கட்டுறது ஏன் தெரியுமா? என்ட மூச்சு அம்மாள்ல படக்கூடாது. எனக்கு அதில இன்னொண்டும் விளங்கியிருக்கு. வாயக் கட்டினாத்தான் நான் அவளப் பாக்கன். நீயும் கட்டு. குளிர்த்தி முடியிற மட்டும் ஒரு சொல்லும் பேசாத. அதுதான் உன்ட நேத்தி.”

“நானா ஐயா? ஏழு நாளா?”

“ஏன், ஏலாதா? எல்லாம் ஏலும் எண்டு சொல்லுற ஆள்தானே நீ.”

இந்தப் பேச்சுக்கு மேல் நான் பின்வாங்குகிறவன் இல்லை. அந்த இடத்திலேயே துண்டை எடுத்து வாயில் கட்டினேன். வீட்டுக்கு வந்து அவிழ்த்தாலும் வாயைத் திறக்கவில்லை. சுகந்தினிக்கு முதலில் பயம், பிறகு நேர்த்திக்கடன் என்று விளங்கியதும் கொஞ்சம் சிரிப்பு. “அப்பா பேசாம இருக்கிறதப் பாக்கிறதுக்கே அம்மாள் கதவு திறந்தவ” என்று மாமிக்காரியிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். புதன்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்.

நான் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருக்கிறவனுக்கு எல்லாம் கேட்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. மகள் அறைக்குள் அழுவது கேட்டது. துறைத்தலைவர் போனில் அழைத்து “என்ன நடந்தது?” என்று கேட்பதும், அவள் “பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன் சேர்” என்று மெல்லச் சொல்வதும் கேட்டது. பேசித் திரிந்த நாட்களில் இது ஒன்றும் என் காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் அவள் சொன்னாள், “அப்பா, கடிதம் முடிஞ்சு. பின்னேரம் நாலு மணிக்கு அனுப்பிடுவன்.” நான் தலையை ஆட்டினேன். திருத்திய இஞ்சின் ஒன்றைக் கொடுப்பதற்கு எதிர்க்கரைக்கு, எழுவான்கரைக்குப் போனேன். திரும்பி வரும்போது இரண்டரை மணி. துறையில் வந்து நின்றேன். சடங்குக்குப் போகிற சனம் கூடி நின்றது. மேல்காற்று நல்ல வேகத்தில் அடித்தது.

அங்கே வெற்றிலை விற்கிற பொன்னம்மா அக்காவிடம் ஒரு தம்பி வந்தார். வவுனியாப் பக்கத்துப் பேச்சு. மனைவியும் கூட நின்றார்.

“அம்மா, கோயிலுக்குப் பாதை எங்க இருக்கு?”

“பாதை அக்கரையில கிடக்கு மனே. இப்ப வரும்.”

“என்ன வரும்?”

“பாதைதான். காத்துக்குச் சுணங்குது. இல்லாட்டி இதுக்குள்ள வந்திரிக்கும்.”

அந்தத் தம்பி அவரை உற்றுப் பார்த்தார்.

“பாதை எப்பிடி அம்மா வரும்? நாங்களெல்லோ பாதையால போக வேணும்.”

“நீங்க போறது மறுகா. முதல் அது வரவேணும். நேத்து இப்படித்தான் காத்துக்கு இழுபட்டு ஆத்துக்குள்ள போயிட்டு.”

“ஆறோ? எங்க ஆறு? இது வாவியெல்லோ?”

“உங்களுக்கு முன்னால கிடக்கிறது என்ன? அதுதான் ஆறு.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பகிடி விடாதேங்கோ. வெளியூர் எண்டவுடன ஏமாத்தப் பாக்கிறியள்.” மனைவி கையைப் பிடித்து இழுத்தார். “வாங்கோப்பா. இந்த மனிசி வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொல்லுது.”

பொன்னம்மா அக்கா வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு எழும்பினார். “ஆரு புள்ள பொய் சொன்ன? ஐம்பது வருசம் இந்தத் துறையில இருக்கன், எனக்குப் பொய்யா?”

பேசுகிற சாமித்தம்பியாக இருந்தால் நான் நடுவில் பாய்ந்து அந்தத் தம்பியை இரண்டு வார்த்தை ஏசியிருப்பேன். கதை அதோடு முடிந்திருக்கும். வாய் கட்டுண்டு நின்றபடியால் நான் கேட்டேன். கேட்டபோது என் உடம்பு சிலிர்த்தது.

மேலே “பாதையில் வேலைக்குச் சேர்ந்தேன்” என்று நான் எழுதியதை வாசித்த வெளியூர் ஆட்கள் வீதிக்குக் கல் போடுகிற வேலை என்று நினைத்திருப்பீர்கள். எங்களுக்குப் பாதை என்றால் ஆற்றைக் கடக்கிற மிதவை. இரண்டு வள்ளத்தைச் சேர்த்து, மேலே பலகை அடித்து, ஆளையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டு போவது. கடலோடு சேர்ந்து கிடக்கிற இந்த நீரை நாங்கள் வாவி என்று சொல்வது மேடையில் மட்டும்தான். வீட்டில் அது ஆறு. பிறந்ததிலிருந்து இப்படித்தான் சொல்லி வருகிறோம். வேறு ஊரில் பிறந்த தமிழன் இதை எப்படி அறிவான்?

“பாதை காத்துக்கு இழுபட்டு ஆத்துக்குள்ள போச்சு.” இது நான் மகளுக்குச் சொன்ன முதல் வாக்கியம். கட்டுரையில் முன்னுக்கே நிற்கிறது. விளக்கம் போடாதே என்றவனும் நான்தான்.

நேரம் பார்த்தேன். மூன்று மணி ஆக ஐந்து நிமிடம். நாலு மணிக்கு அந்தக் கடிதம் போய்விடும். ஒரே ஒரு பதில். அதில் ‘நீ எந்த ஆற்றில் தோணி ஓட்டினாய்’ என்று எழுதியிருக்கிறது! அந்த ஆள் அதைப் படித்தால், இல்லாத ஆற்றைப் பற்றித் திரும்பவும் பொய் எழுதுகிறார்கள் என்றுதான் நினைப்பார்.

பாதை அக்கரையில் கிடந்தது. காற்று குறையவில்லை. எனக்குப் போனில் எழுத்துத் தட்டத் தெரியாது. கதைக்கத்தான் தெரியும். போனை எடுத்து மகளுக்கு அழைத்தேன்.

“அப்பா?”

வாய் வரை வந்தது.

“அப்பா, என்னப்பா? அப்பா?”

ஒரு சொல் சொன்னால் போதும். நேர்த்தி முறிந்துவிடும். முறித்தால் என்ன, பிள்ளையின் வாழ்க்கையல்லவா என்று ஒரு மனம். அம்மாளுக்குக் கொடுத்த வாக்கை நடு வழியில் விடுகிறவனா நீ என்று ஒரு மனம். கை தவறிப் போன் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் திரை உடைந்து இருட்டாகிக் கிடந்தது. மகளின் இலக்கமும் அதற்குள்தான்.

அப்போதுதான் நான் உண்மையாகப் பிரார்த்தித்தேன். அதற்கு முன் செய்தது பிரார்த்தனை இல்லை, முறைப்பாடு. மணலில் முழங்காலில் இருந்தேன். “தாயே, எனக்கு எல்லாம் ஏலும் என்று திரிந்தேன். எனக்கு ஒன்றும் ஏலாது. நான் வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொள்.” இவ்வளவுதான். வாய் அசையவில்லை. உள்ளுக்குள் கேட்டேன்.

பாதை வர மூன்று மணி நாற்பது. ஏறிக்கொண்டோம். அந்த வவுனியாத் தம்பியும் மனைவியும் வெட்கத்தோடு ஏறினார்கள். பொன்னம்மா அக்கா கரையில் நின்று, “பார்த்து மனே, பொய்யில ஏறிப் போறாய், விழுந்திராத!” என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. காற்றுக்கு எதிரே அது ஊர்ந்தது. நடு ஆற்றில் ஒருவரிடம் நேரம் காட்டச் சொல்லிக் கைச் சாடை செய்தேன். நாலு மணி பத்து.

எல்லாம் முடிந்தது என்று தலையில் கை வைத்தேன்.

அக்கரை கிட்ட வந்தபோது துறையில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. பக்கத்தில் சுகந்தினி. தலை கலைந்து, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஆற்றையே பார்த்தபடி நின்றாள். நான் இறங்க முன்னமே தண்ணீருக்குள் இறங்கி வந்துவிட்டாள்.

“என்னப்பா நடந்த? பேசாத மனிசன் போன் எடுத்தா நான் என்னண்டு நினைக்கிற? திருப்பி எடுத்தா வேலை செய்யல்ல. நெஞ்சு நோவோ, என்னவோ எண்டு போட்டது போட்டபடி ஓடி வாறன்!”

போட்டது போட்டபடி. கடிதம் அனுப்பப்படவில்லை.

நான் அம்மாளின் கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். பிறகு பாதையிலிருந்து இறங்கிய அந்தத் தம்பியின் கையை எட்டிப் பிடித்தேன். அவர் பயந்து போனார்.

“ஐயா ஏன் என்னைப் பிடிக்கிறார்?”

“பயப்படாதீங்க. அப்பா நேத்தி, பேச மாட்டார்,” என்றாள் மகள். “என்னப்பா? இவருக்கு என்ன?”

நான் அவரையும் பாதையையும் மாறி மாறிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

“ஓ, அதுவோ? பிழை என்னிலதான் தங்கச்சி. அங்க ஒரு அம்மாவோட சண்டை பிடிச்சிட்டன். பாதை வரும், பாதை இழுபட்டுப் போச்சுது எண்டா நான் றோட்டு எண்டெல்லோ நினைப்பன்? எங்கட பக்கம் றோட்டு மிதக்கிறேல்லை. அவ பொய் சொல்லுறா எண்டு நினைச்சிட்டன்.”

சுகந்தினி அந்தத் தம்பியைப் பார்த்தாள். பாதையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஸ்கூட்டரின் இருக்கையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“அந்தக் கோப்பு,” என்றாள்.

வீட்டுக்குப் போய் நேரே திறந்தாள். முதலாவது நடுவரின் முதலாவது கருத்தை எனக்குத் தமிழில் வாசித்தாள். “எனக்குத் தமிழ் தாய்மொழி. ஒருவர், பாதை காற்றுக்கு இழுபட்டு ஆற்றுக்குள் போனது என்கிறார். வீதி எப்படிக் காற்றில் இழுபடும்? வரைபடத்தில் அந்த இடத்தில் ஆறு எதுவும் இல்லை. இப்படிப் பேசும் மனிதர்கள் உண்மையில் இருக்கிறார்களா?”

இருக்கிறேன் ஐயா. மகள் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மற்றக் கருத்துகளும் அந்த இரண்டு சொல்லைச் சுற்றியே இருந்தன. இரண்டாவது நடுவர் எழுதியதை அவள் கடைசியில் வாசித்தாள். இது வரவேண்டிய ஆய்வு, சில சொற்களுக்கு விளக்கம் சேர்த்தால் நல்லது என்று எழுதியிருந்தார். அந்த நல்ல சொல் ஒன்பது நாளாகத் திறக்காத கோப்புக்குள் கிடந்தது. நான்தான் திறக்காதே என்றேன்.

திங்கட்கிழமை விடியற்புறம் குளிர்த்தி முடிந்தது. கட்டாடியார் மஞ்சள் நீரைத் தெளித்தபோது என் முகத்திலும் பட்டது. வாய் திறந்து நான் பேசிய முதல் பேச்சு மகளோடுதான்.

“புள்ள, விளக்கம் போட வேணாம் எண்டது நான். உன்ட பேர் கெடப் பாத்தது என்னால.”

“ஓம் அப்பா,” என்றாள். “எனக்கு அது தெரியும்.”

என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

பழைய கடிதத்தை அழித்தாள். புதிய பதிலை எழுதி எனக்கு வாசித்தாள். முதல் வரியில் நன்றி இருந்தது.

“நன்றியா? ஆருக்கு?”

“அந்த நடுவருக்குத்தான். அவர் கேட்டது சரியான கேள்வி அப்பா. நாமதான் சொல்லாம விட்டம்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். ஏழு நாள் பழக்கம் உதவியது. ஒவ்வொரு கருத்துக்கும் கீழே ஒரு பதில் எழுதினாள். எங்கே பிழை விட்டேன், எப்படித் திருத்தினேன் என்று எழுதினாள். சொற்களுக்கெல்லாம் விளக்கம் எழுதிச் சேர்த்தாள். ஆட்களோடும் சைக்கிள்களோடும் பாதை நிற்கிற படம் ஒன்றையும் சேர்த்தாள். செவ்வாய்க்கிழமை அனுப்பினாள். தவணைக்கு ஒரு நாள்தான் மிச்சம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. ஆனி போனது. ஆடி போனது. பதில் இல்லை. துறைத்தலைவர் இரண்டு தடவை கேட்டார். மகள் மெலிந்து போனாள். நான் தினமும் மூடிய கோயில் வாசலில் போய் நின்றேன். யாருக்கும் தண்டனை கேட்கவில்லை. “எது வந்தாலும் அதைத் திறந்து படிக்கிற தைரியத்தை அவளுக்குக் கொடு” என்று மட்டும் கேட்டேன்.

ஆவணியில் கடிதம் வந்தது. நிராகரிப்பை விலக்கிக்கொள்கிறோம், இன்னும் திருத்தி அனுப்புங்கள் என்றார்கள். திருத்தினாள். திரும்பவும் திருத்தச் சொன்னார்கள். திரும்பவும் திருத்தினாள். மார்கழியில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த முதலாவது நடுவர் இதழாசிரியர் மூலமாக நாலு வரி அனுப்பியிருந்தார். ஆய்வாளர் களத்துக்குப் போகவில்லை என்று நான் எழுதியது தவறு, அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன், என் மொழியில் எனக்குத் தெரியாதது இவ்வளவு இருக்கிறதென்று இந்தக் கட்டுரை காட்டியது என்று. மகள் அதை வாசித்தபோது நான் எழும்பி வெளியே போய்விட்டேன். நான் அழுவதை அவள் பார்க்கக் கூடாது என்று.

பங்குனியில் அவளுடைய வேலை நிரந்தரமானது. இந்தத் தடவை நான் கடைத்தெருவுக்குப் போகவில்லை. நேரே கோயில் வாசலுக்குப் போனேன்.

என்னில் என்ன மாறியது என்று கேட்பீர்கள். இஞ்சின் விஷயத்தில் நான் இன்னும் பெரிய ஆள்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் வேலைத்தளத்துக்கு ஓர் ஆள் கோபத்தோடு வந்தால், இப்போது அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறேன். பாதிக் கோபத்துக்குக் காரணம் எனக்கும் அவருக்கும் ஒரே சொல் வேறு வேறு பொருளாக இருப்பதுதான் என்று கண்டுகொண்டேன். மகள் எழுதுவதற்கு இடையில் வந்து ஏதாவது கேட்டால், “உனக்குச் சரி எண்டு படுறதச் செய் புள்ள” என்கிறேன்.

உங்களுக்கும் ஒரு கடிதம் வந்திருக்கலாம். விசா இல்லை என்ற கடிதம், வேலை இல்லை என்ற கடிதம், உங்கள் பிள்ளை தேறவில்லை என்ற கடிதம். சூட்டோடு பதில் எழுதாதீர்கள். படிக்காமல் பதில் எழுதவே எழுதாதீர்கள். அம்மாளின் காலடியில் வையுங்கள், அவள் குளிர வைப்பாள். வருகிற வைகாசியில் கதவு திறக்கும். நானும் மகளும் முன்வரிசையில்தான் நிற்போம். பயந்துபோய் இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிற கடிதம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கும்பிட்டு முடிந்ததும் வாசலில் இருந்து சேர்ந்து பிரித்துப் படிப்போம். எனக்கு இங்கிலிஷ் தெரியாது. ஆனால் நீங்கள் வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பேன்.